பெத்தபெருமாள் செட்டியாரின் ஆறு நாள் பதவி

பெத்தபெருமாள் செட்டியார் தம் வாழ்நாளில் எவரிடமும் ‘முடியாது’ என்று சொன்னவரில்லை. அது அவருடைய நற்குணம் என்று ஈப்போவில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். மீதிப்பேர் அவரிடம் ஏதாவது உதவி கேட்டுப் பார்த்தவர்கள். எது கேட்டாலும் “அதுக்கென்ன, பாத்துக்கிடலாம்” என்பார். பிறகு பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

பதினான்கு வயதில் தேவகோட்டைப் பக்கமிருந்து கப்பலேறி வந்து, தைப்பிங்கில் ஒரு வட்டிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். வட்டித் தொழிலில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டால் எதிராளி முகத்தைச் சுளிக்கிறான், இந்தப் பொல்லாப்பு நமக்கு ஆகாது என்று முப்பது வயதில் விலகிவிட்டார். விலகி, ஈப்போவில் கிந்தா ஆற்றோரம் ஒரு தேங்காயெண்ணெய் ஆலை வைத்தார். “செட்டி வீட்டுப் பிள்ளை செக்காட்டப் போயிட்டானே!” என்று பங்காளிகள் சிரித்தார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு சிரித்தவர்களின் கடைகளில் பூட்டுத் தொங்கியது, செக்கு மட்டும் ஓடியது. டீசல் இல்லாமல் இயந்திரம் நின்றுபோனாலும் இரண்டு மாடும் ஒரு மரச்செக்கும் வாங்கிப் போட்டுச் சமாளித்தார். விளக்குக்கு, சமையலுக்கு, சவர்க்காரம் காய்ச்ச, தலைக்குத் தடவ என்று ஊர் முழுவதும் அவருடைய எண்ணெயைத்தான் நம்பியிருந்தது. மனைவி விசாலி ஊரில் இருந்தாள். கடல் அடைபட்டுக் கடிதம் நின்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

ஆக, 1943-ஆம் வருஷக் கடைசியில் செட்டியாருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: கொப்பரை. அது தெலுக் அன்சனிலிருந்து வர வேண்டும். வருவதற்கு மாதாமாதம் ராணுவ அலுவலகத்தின் சிவப்பு முத்திரை குத்திய பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாவிட்டால் செக்கு உலக்கை வெறும் உரலைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ராணுவத்தாருக்கு ஈப்போ இந்தியர்களின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அவர்கள் ஏற்கெனவே நம் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வருஷத்தை 2603 ஆக்கிவிட்டார்கள். வாழைமரம் போட்ட நோட்டைப் பணம் என்று சொல்லி நம்பவும் வைத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது சுதந்திரம் ஒன்றுதான். ‘வெள்ளைக்காரன் உங்களை ஆள ஒருவனை நியமித்தான். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். உங்கள் நகரத் தலைவரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிக்கை வந்தது. கூடவே, தேர்ந்தெடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் கடைசி வரியில் இருந்தது.

தலைவருக்கு இரண்டு வேலை. பெர்மிட்டுக்கும் அரிசிப் பங்கீட்டுக்கும் சிபாரிசுக் கையெழுத்துப் போடுவது ஒன்று. பதவியேற்ற பத்து நாளுக்குள், சயாம் ரயில்பாதை வேலைக்கு நகரத்திலிருந்து இருபது ஆள்களின் பெயரை எழுதிக் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

இரண்டு பேர் களத்தில் இறங்கினார்கள். ஒருவர் ஜவுளிக்கடை சொக்கநாதன். விற்க ஒரு முழம் துணி கிடையாது, ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறது, ஆனாலும் தினம் கடையைத் திறந்து வைத்து வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருப்பவர். தலைவருக்கான கைப்பட்டையும் அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் கிடைத்தால் போதும் அவருக்கு. மற்றவர் லாரிக்கார உடையப்பன். அவருக்கு நாற்காலி வேண்டாம், அரிசிக் கிட்டங்கியின் சாவி போதும்.

இருவரும் தனித்தனியே எண்ணெய் ஆலைக்கு வந்தார்கள். நகரத்தார் கூட்டத்தில் வயதிலும் கோயில் வரிசையிலும் செட்டியார்தான் மூத்தவர். அவர் தலையசைத்தால் முப்பது தலை அசையும்.

“அண்ணே, ஒங்க ஆதரவு எனக்குத்தான்” என்றார் சொக்கநாதன்.

“அதுக்கென்ன தம்பி, ஒனக்கில்லாமயா?”

மறுநாள் உடையப்பன் வந்தார். “அண்ணே, அந்தத் துணிக்கடைக்காரன் வந்துட்டுப் போனானாமே?”

“வருவாங்கதான் தம்பி, வர்றவங்கள வராதன்னு சொல்ல முடியுமா? ஒன் காரியம் என் காரியம்ல.”

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கு கூட இவ்வளவு பணிவாகக் காட்டாது. எவன் வந்தாலும் கொப்பரை பெர்மிட் வரும்; செட்டியாரின் அரசியல் அவ்வளவுதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சொக்கநாதன் ஜெயித்து, உடையப்பனுக்கும் தாம் வாக்குக் கொடுத்தது தெரிந்துவிட்டால்? உடையப்பன் ஜெயித்து லாரி வாடகையை ஏற்றினால்? ஆலைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செட்டியார் அந்தத் தேர்தலில் போட்டியிட்ட இருவரையும்விட அதிகமாக இளைத்துப்போனார்.

செக்கோட்டுகிறவன் பத்துமலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் அவன். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டம் காடு மண்டியதும், பெண்டாட்டி இருளாயியோடு ஈப்போவுக்கு நடந்தே வந்து சேர்ந்தான். வந்த ஆறே மாதத்தில், உரலின் சத்தத்தை வைத்தே எண்ணெய் இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவான். அவன் இல்லாத நாளில் மாடுகூடச் சோம்பலாகச் சுற்றும் என்பது செட்டியாரே ஒப்புக்கொண்ட உண்மை.

ஒரு நாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து நின்றார்கள். இருளாயிதான் பேசினாள்.

“மொதலாளி, எங்கண்ணன் சயாமுக்குப் போயி ஆறு மாசமாச்சு. மூணு மாசத்துல வந்துருவேன்னான். ஒரு சேதி இல்ல. அங்க போனவங்க யாரும் திரும்பலன்னு பேசிக்கிறாங்க.”

“யாரு தலைவரா வந்தாலும் சரி மொதலாளி” என்றான் பத்துமலை. “அந்த லிஸ்டுல என் பேரு வராம நீங்கதான் பாத்துக்கணும். வேற சூசா, தொந்தரவு ஒண்ணும் ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன் லா.”

செட்டியாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. உண்மையாகவே இளகியது, அதில் பொய்யில்லை. எவன் தலைவனானாலும் ‘என் ஆலை ஆளைத் தொடாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று கணக்குப் போட்டார்.

“சத்தியமாச் சொல்றேன் ஆத்தா” என்றார் இருளாயியைப் பார்த்து. “ஒம்புருசன் பேரு அதுல வராது. நான் இருக்கேன்ல.”

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில். தோக்கியோ நேரம் எட்டரை மணி, அதாவது சூரியன் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம். மேடையில் ஒரு கேப்டன் முழங்கால்களுக்கு நடுவே வாளை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் அவர், ஆறு மாதத்தில் நிப்பான் பாஷை கற்றவர். நாலு சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியோடு சுவரோரம் நின்று ஜனநாயகத்துக்குக் காவல் இருந்தார்கள்.

இங்கே நம் கூட்டங்களின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மில் பதவிக்கு ஆசைப்படுகிறவன் எழுந்து ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்கமாட்டான். கேட்டால் அவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். ‘பெரியவர் இன்னார் இருக்கும்போது நான் எம்மாத்திரம்?’ என்று சபையின் மூத்தவரைக் காட்டிப் பின்வாங்க வேண்டும். உடனே சபை ‘அதெல்லாம் கூடாது, நீங்கள்தான்’ என்று கத்த வேண்டும். மூத்தவரும் ‘தம்பியே இருக்கட்டும்’ என்று ஆசீர்வதிக்க வேண்டும். மூன்றாம் முறை, ‘இவ்வளவு பேர் சொல்லும்போது தட்டமுடியுமா?’ என்று வேறு வழியில்லாதவன் போல ஏற்றுக்கொள்ள வேண்டும். கோயில் காரியத்திலிருந்து கல்யாணப் பந்தி விசாரணை வரைக்கும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தலைவர்களானார்கள். சொக்கநாதன் முன்னெச்சரிக்கையாகக் கத்துவதற்கென்றே ஆறு பேரை வேறு ஏற்பாடு செய்திருந்தார்.

சொக்கநாதன் எழுந்தார். கைகூப்பினார். குரலில் தேனைக் குழைத்தார். “பெரியவங்க, எங்க அண்ணன், பெத்தபெருமாள் செட்டியார் இருக்கையில இந்தச் சின்னவன் தலைவன்னு நிக்கலாமா? அது முறையா?”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஏற்பாடு செய்த ஆறு பேரும் வாளைப் பார்த்தார்கள், துப்பாக்கிக் கத்தியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கேப்டன் முன்னால் குரலை உயர்த்துவதற்குச் சொக்கநாதன் எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொடுத்த வேட்டித் துண்டு போதுமானதாக இல்லை.

உடையப்பனுக்கு இப்போது தர்மசங்கடம். எதிரி அவ்வளவு பணிந்துவிட்ட பிறகு தான் நிமிர்ந்து நின்றால் நன்றாயிருக்குமா? அவரும் எழுந்து, ஒரு படி மேலேயே போனார். “தம்பி சொன்னதுதான் ஞாயம். செட்டியார் அண்ணன் காலடியில இருந்து கத்துக்கிட்டவன் நான். அவுக இருக்கையில நானா?”

மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் அட்சரம் பிசகாமல் கேப்டன் காதில் போட்டார். கேப்டனின் முகம் மலர்ந்தது. போட்டியாளர்கள் இருவரும் ஒரே ஆளைக் கைகாட்டும் தேர்தலை அவர் எந்த நாட்டிலும் பார்த்திருக்கமாட்டார்.

செட்டியார் அவசரமாக எழுந்தார். எழுந்து, ‘முடியாது’ என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் ஐம்பது வருஷமாக வாயில் வராத சொல் அன்றைக்கு மட்டும் வந்துவிடுமா? “நான் அதுக்குத் தகுதியானவன் இல்லிங்க. சபை உத்தரவு எதுவானாலும் தலைமேல ஏத்துக்கிடறவன்தான், இருந்தாலும் தம்பிமாருல ஒருத்தர்...” என்று இழுத்தார்.

இழுத்து முடிப்பதற்குள் கேப்டன் எழுந்துவிட்டார். கேப்டன் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். கேப்டன் புதிய தலைவருக்குத் தலைவணங்கினால் எல்லோரும் இடுப்பு ஒடிய வணங்க வேண்டும். சொக்கநாதனும் உடையப்பனும் வணங்கிய வணக்கத்தில் ஒருத்தரை ஒருத்தர் கடித்துத் தின்றுவிடுவார்கள் போலிருந்தது. பின்வரிசையில் ஆலை ஆள்களோடு நின்ற பத்துமலை மட்டும் வாயெல்லாம் பல்லாகக் கைதட்டினான்.

தலைவர் பெத்தபெருமாள் செட்டியார் முதல் நாள் தமக்குத் தாமே பெர்மிட்டுக்குச் சிபாரிசு எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்தார். இரண்டாம் நாள் அது அவ்வளவு கௌரவமில்லை என்று விட்டார். மூன்றாம் நாள், இருபது வரி போட்ட காகிதம் அலுவலகத்திலிருந்து வந்தது.

அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். யாரை எழுதுவது? முடிதிருத்தும் சன்னாசியையா? நாலு பெண் குழந்தைகள் அவனுக்கு. ரயில்வே வரிசை வீட்டு ஜெயபாலனையா? போன மாதம்தான் அவன் கல்யாணத்துக்கு இவர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். பத்துமலையை நீக்கிவைப்பது அவர் கையில்தான் இருந்தது, ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அவனுக்குப் பதிலாகவும் சேர்த்து இருபது பேரைத் தம் கையால் எழுத வேண்டும். செட்டியார் கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்தபோதெல்லாம் திரும்ப மூடி வைத்தார். இந்தப் பாவம் நமக்கு வேண்டாம், எவனாவது எழுதிக்கொள்ளட்டும், நாம் விலகிக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார். வட்டிக்கடையை விட்டதும் இதே வழியில்தானே? நல்லவர்களுக்கென்றே சுவாமி படைத்து வைத்த வாசல் அது.

விலகுவது எப்படி? ராஜினாமா என்று போனால் தலை போகும். ஜப்பான்காரனுக்கு வாளைக் கண்டு பயமில்லை, வியாதியைக் கண்டு பயம் என்று ஊரில் பேச்சு. ஆறாம் நாள் காலை செட்டியார் வாய் நிறைய வெற்றிலை போட்டுக் குதப்பி, சாற்றை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் துப்பி மடித்து எடுத்துக்கொண்டார். வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கேப்டன் முன்னால் குனிந்து வணங்கும்போதே இருமத் தொடங்கினார். அப்படி ஓர் இருமலை அவர் வாழ்நாளில் இருமியதில்லை. இருமி முடித்துக் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதன் சிவப்பு கேப்டன் கண்ணில் படுகிற மாதிரி பார்த்துக்கொண்டார்.

“காச நோயுங்க” என்று மொழிபெயர்ப்பாளரிடம் முனகினார். “எனக்கு ஒண்ணுமில்ல, தொரைக்கு ஒட்டிக்கிருமேன்னுதான் வருத்தமா இருக்கு.”

கேப்டன் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் செட்டியார் தெருவில் நின்றார், பதவியில்லாமல். அரை மணி நேரத்தில் சொக்கநாதனுக்கு ஆள் போயிற்று. இம்முறை அவர் பெரியவர் எவரையும் நினைவுகூரவில்லை.

செட்டியார் நேரே கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தார். சயாமுக்கு யாரையும் அனுப்பாத கை என்று தம் வலக்கையைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைகூடப்பட்டார். புதுத் தலைவரிடம் பத்துமலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது நினைவில் இருந்தது. ஆனால் பதவி போன மறுநாளே போய் நின்றால் நன்றாயிராது, வியாதிக்காரன் உடனே நடமாடினாலும் சந்தேகம் வரும், இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கிடலாம் என்று இருந்தார்.

மூன்றாம் நாள் காலை லாரி வந்துவிட்டது. இரண்டு சிப்பாய்கள், பின்னால் மொழிபெயர்ப்பாளர், கையில் பட்டியல். செக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பத்துமலை யாரு?”

பத்துமலை மாட்டை நிறுத்தினான். பயப்படவில்லை, ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, முதலாளி சரிசெய்துவிடுவார் என்ற முகத்தோடு திரும்பினான். “மொதலாளி, என் பேரச் சொல்றாங்க. இல்லன்னு சொல்லுங்க.”

செட்டியார் வாசற்படியில் நின்றார். மொழிபெயர்ப்பாளர் அவரை உற்றுப் பார்த்தார். மூன்று நாளுக்கு முன் ரத்தம் கக்கிய மனிதர் இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆலையில் நிற்கிறாரே என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கேப்டனிடம் பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்பது செட்டியாருக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தருகே கம்பத்தில் குத்தி வைத்த தலைகளைப் பார்த்திருக்கிறார்.

“மொதலாளி!” என்றான் பத்துமலை.

செட்டியார் இருமினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பத்துமலையை ஏற்றிக்கொண்டு லாரி தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருமினார்.

அது மறைந்ததும் ஜவுளிக்கடைக்கு ஓடினார். சொக்கநாதன் கைப்பட்டையோடு எழுந்து நின்று வரவேற்றார்.

“அண்ணே, வாங்கண்ணே, ஒடம்பு எப்படி இருக்கு?”

“தம்பி, என் ஆலைக்காரன், பத்துமலை...”

“அடடா, அதச் சொல்லியிருக்கக் கூடாதா? அண்ணன் சொல்லி நான் மறுப்பேனா? நீங்களோ காச நோயில படுத்திட்டிய, ஆலைய மூடிருவிய, அந்த ஆளுக்கும் வேல போயிரும்னுதான் மொதப் பேரா அவன எழுதினேன். சம்பாதிக்கிற குடும்பஸ்தன எழுத மனசு வருமா, வேல இல்லாதவனப் பாத்துத்தான எழுதணும்? பட்டியல் நேத்தே போயிருச்சேண்ணே.” பிறகு மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். “ஆலைய நடத்துறதாத்தான் இருக்கியன்னா, இந்தாங்க, கொப்பரை பெர்மிட். அண்ணனுக்கு இதுகூடச் செய்ய மாட்டனா?”

செட்டியார் அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆலைக்குத் திரும்பினால் இருளாயி செக்கடியில் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள். அவிழ்க்காமல் விட்ட மாடு நுகத்தோடு நின்றுகொண்டிருந்தது.

“நான் எழுதல ஆத்தா” என்றார் செட்டியார், அவள் கேட்பதற்கு முன்பே. “என் கையால ஒரு பேரும் எழுதல. கோயில்ல வந்து சத்தியம் பண்றேன்.”

“தெரியும் மொதலாளி. யாரு எழுதினாங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் வாரேன்.”

“இருபது பேரு எழுதணும்னான். ஒம்புருசன விட்டா இன்னொருத்தி புருசன எழுதணும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்னுதான் நான் ஒதுங்கிட்டேன். நீயே சொல்லு, அந்த இன்னொருத்தியும் பொம்பளதானே?”

இருளாயி மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்தாள்.

“அந்த இன்னொருத்திக்கு நீங்க சத்தியம் பண்ணல மொதலாளி” என்றாள். “எனக்குப் பண்ணுனீங்க.”